திரும்பி வந்தவர் கொண்டு வந்தது என்ன?

கம்பம் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை, சேவல் கூவுமுன்னே விழித்துக்கொள்ளும் சாலை. தேனியிலே தொடங்கி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்களைச் சரமாகக் கோத்துக்கொண்டு குமுளி மலையின் அடிவாரத்தைத் தொடும் அந்தச் சாலையிலே, மூன்று வகைப் பயணங்களைக் காணலாம்.

முதற் பயணம், வயிற்றுக்கான பயணம். இருள் பிரியாத வேளையிலே, தூக்குச்சட்டியை அணைத்தபடி ஏழைப் பெண்கள் ஜீப்புகளிலே ஏறுகிறார்கள். அடுக்கிய மூட்டைகளைப்போல் நெருங்கி அமர்ந்து, மலையேறி, எல்லை கடந்து, இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். மாலையிலே திரும்புகிறார்கள், வண்டி கவிழ்ந்தால் திரும்பாமலும் போகிறார்கள். அண்டை மாநிலத்துக்கு நாள்தோறும் சென்று மீளும் இந்தப் பயணிகளுக்கு மாலை சூட்டி வழியனுப்பிய ஊர் எதையும் நாம் கண்டதில்லை.

இரண்டாவது பயணம், மலைக்கோயிலுக்கான பயணம். கார்த்திகை பிறந்துவிட்டால் போதும். கறுப்பும் நீலமும் உடுத்தி, இருமுடி தாங்கி, சபரிமலைக்குச் செல்லும் கூட்டத்தால் சாலை திணறுகிறது. குமுளிப் பாதை கொள்ளாமல், கம்பம்மெட்டு வழியாக வண்டிகளைத் திருப்பிவிடும் அளவுக்கு நெரிசல்!

மூன்றாவது பயணம், இவ்விரண்டுக்கும் எதிர்த்திசையிலே செல்வது. மலையை விட்டு விலகி, விமான நிலையத்தை நோக்கி விரைவது. உத்தமபாளையத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஒரு முஸ்லிம் குடும்பம் புறப்படுகிறது. வாயிலிலே வேன், வேனைச் சுற்றி உறவினர், கைகளிலே பயண நிறுவனம் தந்த ஒரே நிறப் பைகள், "எங்களுக்காகவும் துஆ செய்யுங்கள்" என்ற வேண்டுகோள்கள். மக்காவுக்கும் மதீனாவுக்கும் உம்ராப் பயணம்! எதற்காக என்று கேட்டால், முந்திய தலைமுறை "கடமை" என்று சொல்லும். "பாவம் தீர" என்று சொல்லும். படித்த தலைமுறையோ புதியதொரு சொல்லைச் சொல்லுகிறது: "ஆன்மிக வளர்ச்சிக்காக."

வளர்ச்சி! நல்ல சொல். ஆனால், வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அதற்கு அளவு என்று ஒன்று இருந்தாகவேண்டும். நாற்று வளர்ந்தால் வரப்பிலே நிற்பவனுக்குத் தெரிகிறது. குழந்தை வளர்ந்தால் சட்டை சிறுத்துவிடுகிறது. மனிதனின் உள்ளம் வளர்ந்தால், அவனுடைய வீட்டிலே வாழும் பெண்ணுக்குத் தெரியவேண்டாமா? அவனிடம் வேலை செய்யும் ஏழைக்குத் தெரியவேண்டாமா? அண்டை வீட்டானுக்குத் தெரியவேண்டாமா? போனவர் வளர்ந்து வந்தாரா? திரும்பி வந்தவர் பேரீச்சம்பழத்தையும் ஜம்ஜம் தண்ணீரையும் தவிர வேறு என்ன கொண்டு வந்தார்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

"இந்த நேரத்திலா இந்தக் கேள்வி?" என்று நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய தயக்கம் நமக்குப் புரிகிறது. பள்ளிவாசலைக் கண்டாலே பகை பொங்கும் கூட்டம் ஓங்கியிருக்கிற வேளை இது. முஸ்லிமின் உணவு, உடை, திருமணம், தொழுகை ஒவ்வொன்றும் குற்றப் பத்திரிகையாகிற வேளை இது. அந்தக் கூட்டத்தின் குரலோடு நம் குரலும் கலந்துவிடுமே என்பது அவர்களுடைய அச்சம்.

அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து மௌனம் அன்று. நம் குரலுக்கும் அவர்கள் குரலுக்கும் உள்ள வேற்றுமையை உரக்கச் சொல்லுவதே மருந்து.

அவர்கள் முஸ்லிமின் பயணத்தை எதிர்ப்பது, பயணம் மூடநம்பிக்கை என்பதற்காக அன்று; பயணி முஸ்லிம் என்பதற்காக. காவடி தூக்கினால் பக்தி, கங்கையிலே மூழ்கினால் பண்பாடு, மக்காவுக்குப் போனால் மட்டும் ஐயம்! இது பகுத்தறிவா? பகைமைக்குப் பகுத்தறிவுச் சட்டை!

சான்று வேண்டுமா? ஹஜ் பயணத்துக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியத்தைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவேண்டும் என்று 2012 ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம் சொல்லிற்று. 2018 சனவரியிலே மானியம் நிறுத்தப்பட்டது. அந்த மானியத்தின் பெரும்பகுதி விமானக் கட்டணமாகவே போய்ச் சேர்ந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே, நிறுத்தப்பட்டதற்காக நாம் கண்ணீர் சிந்தவில்லை. எந்த மதத்தின் யாத்திரைக்கும் பொதுப்பணம் போகக்கூடாது என்பவர்கள் நாம். ஆனால் நிறுத்தியபோது சொன்னது என்ன? இந்தப் பணம் சிறுபான்மையினரின் கல்விக்கு, குறிப்பாகப் பெண்களின் கல்விக்குச் செல்லும் என்றார்கள். நடந்தது என்ன? 2022 ஆம் ஆண்டிலே, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரிலே, ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. யாத்திரைப் பணம் பள்ளிக்குப் போகும் என்றவர்கள், பள்ளிப் பணத்தையும் பறித்துக்கொண்டார்கள்! அவர்களோடு நமக்கு என்ன உறவு?

நம் உறவு வேறு. 'குடி அரசு' 1925 ஆம் ஆண்டிலே தோன்றிய நாள்தொட்டு, மூடநம்பிக்கையை எதிர்ப்பதிலே மதத்துக்கொரு தராசு வைத்துக்கொள்ளாத மரபு நம்முடையது. நபிகள் பிறந்தநாள் கூட்டங்களிலே பெரியார் முழங்கியிருக்கிறார். இஸ்லாத்தின் சமத்துவத்தை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். அதே பெரியார், தர்கா வழிபாட்டையும் சந்தனக்கூட்டையும் கோஷா முறையையும் கண்டிக்கத் தயங்கியதில்லை. முஸ்லிம்களிலேயே 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா போன்றோர், தம் சமூகத்தின் குருட்டுப் பழக்கங்களைத் தாமே தாக்கி எழுதினார்கள். தாக்கியவர்கள் எதிரிகளா? அல்லர். வளரவேண்டும் என்று விரும்பியவர்கள். கேள்வியே கேட்காமல் ஒதுக்கிவைப்பது, ஒரு சமூகத்தைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும். நண்பனிடம் நாம் அப்படி நடந்துகொள்வதில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம்.

வசதி படைத்தவர் வாழ்நாளிலே ஒருமுறை ஹஜ் செய்யவேண்டும் என்பது இஸ்லாத்தின் விதி. "சென்றுவர இயன்றவர்க்கே" என்ற நிபந்தனை திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. உம்ராவின் நிலை வேறு. நம் பள்ளத்தாக்கின் ராவுத்தர்களிலே பெரும்பாலோர் ஹனபி வழியினர். ஹனபிச் சட்டத்தின்படி உம்ரா கட்டாயக் கடமை அன்று. செய்தால் சிறப்பு, அவ்வளவே. அப்படியிருக்க, ஒருமுறை போனவர் மறுமுறை போகிறார்; மறுமுறை போனவர் மூன்றாம் முறைக்குப் பெயர் கொடுக்கிறார். தலைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் என்றால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து இலட்சம். இது கடமையின் கட்டளை அன்று. கௌரவத்தின் கட்டளை! "அவர் வீட்டார் போய் வந்துவிட்டார்கள், நாம் இன்னும் போகவில்லையே" என்ற அங்கலாய்ப்பின் கட்டளை!

இந்தக் குடும்பத்தை நாம் கற்பனையிலே கண்முன் நிறுத்திப் பார்ப்போம். தந்தைக்குச் சிறிய கடை. கொஞ்சம் திராட்சைத் தோட்டம். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகள் பன்னிரண்டாம் வகுப்பிலே நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். "அத்தா, நான் மதுரையிலே தங்கிப் படிக்கட்டுமா?" என்று கேட்கிறாள். "செலவு தாங்காதும்மா; காலமும் சரியில்லை; பெண்பிள்ளை தனியே தங்குவதாவது!" என்று விடை வருகிறது. அடுத்த ஆண்டு அதே வீட்டிலே, அதே தந்தை, குடும்பத்தோடு உம்ராவுக்குப் பணம் கட்டுகிறார். மதுரைக்குத் தனியே அனுப்ப அஞ்சிய பெண்ணை, கடல் கடந்து அழைத்துச் செல்கிறார். படிப்புக்குத் தாங்காத செலவு, பயணத்துக்குத் தாங்குகிறது! மகளுக்கு விமானத்தின் சாளரத்திலே மேகத்தைக் காட்டியவர், அவள் கேட்ட கல்லூரியின் கதவைக் காட்டவில்லை. இந்தத் தந்தை கொடியவர் அல்லர். மகளிடம் அன்பு கொண்டவரே. ஆனால் அவருடைய அன்புக்கு வழிகாட்டும் நூலிலே, யாத்திரை முன்பக்கத்திலும் மகளின் அறிவு கடைசிப் பக்கத்திலும் அச்சிடப்பட்டிருக்கின்றன. யார் அச்சிட்டது? அதுவே கேள்வி.

அவர்களுடைய பழைய நூலே ஒரு கதை சொல்லுகிறது. இறைநேசர்களின் வரலாற்றை எழுதிய பாரசீகப் புலவர் அத்தார் சொல்லும் கதை அது. இலட்சக்கணக்கானோர் ஹஜ் செய்த ஓர் ஆண்டிலே, அப்துல்லா இப்னு முபாரக் என்ற பெரியார் கனவொன்று காண்கிறார். வந்தவர்களிலே எவருடைய ஹஜ்ஜும் ஏற்கப்படவில்லை. வராத ஒருவனுடைய ஹஜ் ஏற்கப்பட்டது என்று வானவர் சொல்லுகிறார்கள். தேடிச் செல்கிறார். டமாஸ்கஸ் நகரத்திலே செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவன்! பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பயணப் பணத்தை, பசியால் செத்த விலங்கின் இறைச்சியைச் சமைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டவன். கனவையும் வானவரையும் நாம் நம்பவில்லை. ஆனால் கதையைப் படைத்த நெஞ்சத்தின் நேர்மையை மதிக்கிறோம். மதத்துக்குள்ளே இருந்துகொண்டே ஒரு மனிதன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இவ்வளவு சொல்ல முடிந்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலே, இணையத்தில் இருக்கை முன்பதிவு செய்யும் தலைமுறை அதைக்கூடச் சொல்ல அஞ்சுவது ஏன்?

போகிற இடத்தின் நிலைமையையும் பார்ப்போம். ஹஜ்ஜின் பெருமையாக எல்லோரும் சொல்லுவது என்ன? அரசனும் ஆண்டியும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தி ஒன்றாக நிற்கும் சமத்துவம்! அழகான காட்சிதான். ஆனால் அந்தச் சமத்துவத்தின் தலைக்கு மேலே இன்று நிற்பது எது? உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002 ஆம் ஆண்டிலே இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்திலே, 601 மீட்டர் உயரத்துக்குக் கடிகாரக் கோபுரம்! அதிலே ஆடம்பர விடுதிகள். சாளரத்திலிருந்தே கஅபாவைக் காணும் அறைக்குத் தனிக் கட்டணம். எளியவன் தொலைவிலே தங்கி, நடந்தும் பேருந்திலும் வருகிறான். இரண்டு வெள்ளைத் துணி ஒன்றுதான். அதைக் களைந்து உறங்கும் கட்டில் ஒன்றல்ல! நம் ஊர்க் கோயில்களிலே சிறப்புத் தரிசனச் சீட்டைக் கண்டித்தோமே, அந்தச் சீட்டுக்கு அங்கே வேறு பெயர், அவ்வளவுதான்.

2016 ஆம் ஆண்டிலே சவூதி அரசு வெளியிட்ட "2030 தொலைநோக்கு" திட்டத்திலே, ஆண்டுக்கு மூன்று கோடி உம்ராப் பயணிகள் என்ற இலக்கு குறிக்கப்பட்டது. எண்ணெயை மட்டுமே நம்பியிராத பொருளாதாரம் வேண்டுமாம்! எண்ணெய்க் கிணறு வற்றினாலும் பக்திக் கிணறு வற்றாது என்ற கணக்கு. உத்தமபாளையத்துக் கடைக்காரரின் ஆன்மிக வளர்ச்சி, ரியாத் நகரத்துக் கணக்கரின் ஏட்டிலே வருவாய் வளர்ச்சி!

வருவாய் பெருகுகிறது, உயிருக்கு உறுதி பெருகிற்றா? 1990 ஆம் ஆண்டிலே மக்காவை அடுத்த மினாவின் சுரங்கப் பாதையிலே நெரிசலில் மடிந்தோர் 1,426 பேர். 2015 ஆம் ஆண்டிலே மினாவிலே மீண்டும் நெரிசல். சவூதி அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 769. 2024 ஆம் ஆண்டிலே, வெப்பம் 50 பாகையைக் கடந்த நாட்களிலே, 1,301 பேர் மாண்டதாக அந்த அரசே அறிவித்தது. மாண்டவர்களிலே நூற்றுக்கு 83 பேர், முறையான அனுமதிக்குப் பணம் கட்ட இயலாமலோ இடம் கிடைக்காமலோ அனுமதியின்றி வந்து, நிழலும் குளிரறையும் இன்றி வெயிலிலே நெடுந்தூரம் நடந்தவர்கள். அவர்களுக்காக நாம் அழுகிறோம். "புனித மண்ணிலே இறப்பது பாக்கியம்" என்று சொல்லி அந்த அழுகையை நிறுத்திவிடுவோரைக் கண்டு பதறுகிறோம். சாவைப் பாக்கியமாக்கிவிட்டால், குடிநீர்ப் பந்தல் போடாதவனை யார் கேள்வி கேட்பது?

இதையெல்லாம் மீறி, அந்த மண் சில பாடங்களைக் கற்பிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தப் பாடங்களைக் கொண்டே நாம் வழக்காடுகிறோம்.

முதற் பாடம்: அங்கே ஆணும் பெண்ணும் ஒரே முற்றத்திலே, ஒரே கூட்டத்திலே, கஅபாவைச் சுற்றுகிறார்கள். ஊருக்குத் திரும்பினால்? தமிழ்நாட்டிலே எத்தனை பள்ளிவாசல்களிலே பெண் நுழைய இடம் இருக்கிறது? உலகத்தின் தலைமைப் பள்ளிவாசலிலே நின்று தொழுத மூதாட்டி, தம் தெருப் பள்ளிவாசலின் வாயிலைத் தாண்ட முடியாத ஊர்கள் எத்தனை!

இரண்டாம் பாடம்: இஹ்ராம் நிலையிலே பெண் முகத்திரை அணியலாகாது என்பது நபிமொழித் தொகுப்பிலேயே உள்ள விதி. மிகப் புனிதமானது என்று அவர்கள் கருதும் இடத்திலே வெளிப்படலாம் என்ற முகம், மார்க்கெட் தெருவிலே மறையவேண்டும் என்பது எந்த நியாயம்?

மூன்றாம் பாடம்: ஆண் துணையின்றிப் பெண் பயணம் போகலாகாது என்பதை மாறாத சட்டமென்று முழங்கினார்கள். 2018 ஆம் ஆண்டின் இந்திய ஹஜ் கொள்கையிலே, 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து ஆண் துணையின்றிச் செல்லலாம் என்று வழி பிறந்தது. 2022 ஆம் ஆண்டிலே சவூதி அமைச்சரே ஆண் துணை கட்டாயமில்லை என்று அறிவித்தார். மாறாதது மாறிவிட்டது! வானம் இடிந்து விழவில்லை. மக்காவுக்குத் தனியே போகலாம் என்றான பின்பும், மதுரைக் கல்லூரிக்குத் தனியே போகலாகாது என்று மகளைத் தடுக்க எந்தச் சட்டம் மிச்சமிருக்கிறது?

நான்காம் பாடம்: இதுவே எல்லாவற்றிலும் கூர்மையானது. ஹஜ்ஜும் உம்ராவும் எப்படி நிறைவெய்துகின்றன? முடி களைவதிலே! பெருஞ்செல்வரும் தலை தாழ்த்தி, முடி திருத்துபவன் முன்னே குனிகிறார். அவன் கத்தி பட்டாலன்றி அவர் இஹ்ராமிலிருந்து விடுபட முடியாது. ஊருக்குத் திரும்பியதும், அதே தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் முஸ்லிம் குடும்பத்திலே பெண் எடுப்பாரா? பெண் கொடுப்பாரா? ஒரே வரிசையிலே தொழலாம், ஒரே பந்தலிலே சம்பந்தம் மட்டும் ஆகாது என்ற வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே இல்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா? அரபிக்கு அரபியல்லாதவரைவிட மேன்மை இல்லை என்று நபிகள் தம் இறுதிப் பேருரையிலே சொன்னதாக மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறார்கள். அரபியை விடுங்கள், பக்கத்துத் தெருவுக்கு வாருங்கள்!

"பயணம் மனிதனை மாற்றவே மாற்றாதா?" என்று கேட்பவர்கள் மால்கம் எக்ஸின் பெயரைச் சொல்லுவார்கள். உண்மை. 1964 ஆம் ஆண்டிலே மக்காவுக்குச் சென்ற அந்தக் கறுப்பினத் தலைவர், வெள்ளைத் தோலுடையவரோடு ஒரே தட்டிலே உண்டு, ஒரே விரிப்பிலே உறங்கி, வெள்ளையர் அனைவரையும் பகைவராகக் கருதிய தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அவரை மாற்றியது எது? கல்லா, கட்டடமா, கிணற்று நீரா? மனிதர்! நிறம் பாராமல் நடந்துகொண்ட மனிதர்கள்! மாறியதற்குச் சான்றை அவர் எங்கே காட்டினார்? மக்காவிலே அன்று, திரும்பிவந்த அமெரிக்காவிலே. தாம் முன்பு போதித்ததையே வெளிப்படையாக மறுத்தார், பகை தேடிக்கொண்டார், 1965 பிப்ரவரியிலே உயிரையே கொடுத்தார். ஆன்மிக வளர்ச்சி என்றால் அதற்கு அத்தகைய விலை உண்டு. பயண நிறுவனத்தின் விலைப்பட்டியலிலே அது இடம்பெறுவதில்லை.

இன்னொருவர், நம் மதுரையைக் கண்ணாரக் கண்டவர். 1325 ஆம் ஆண்டிலே, மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று புறப்பட்ட 21 வயது இளைஞர் இப்னு பதூதா. கடமை முடிந்ததென்று வீடு திரும்பாமல், கால் நூற்றாண்டு உலகம் சுற்றினார். மதுரையிலே சுல்தான்கள் ஆண்ட நாட்களிலே இங்கும் வந்தார். சுல்தான் கியாசுதீன், பிடிபட்ட இந்துக் குடிமக்களைப் பெண்கள், பிள்ளைகள் என்றும் பாராமல் கொன்ற கொடுமையை நேரிலே கண்டார். அந்தச் சுல்தான் தம் மதத்தவன், உறவினனும்கூட. ஆயினும் அவனுடைய கொடுமையை மறைக்காமல், இழிசெயல் என்றே எழுதிவைத்தார். தன் கூட்டத்தான் செய்தாலும் தவறு தவறே என்று சொல்லும் துணிவு வளர்ச்சிக்கு அடையாளம். அத்தகைய பயணத்தை நாமும் வாழ்த்துவோம்.

நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இரண்டு பயணங்கள் இருக்கின்றன. 1904 ஆம் ஆண்டிலே இளைஞர் இராமசாமி காசிக்குச் சென்றார். பார்ப்பனருக்கு மட்டுமே சோறு என்று சத்திரத்து வாயிலிலே தடுக்கப்பட்டார். அங்கே கண்ட புனிதத்தின் உண்மை முகம், அவருடைய பகுத்தறிவுக்கு எரியூட்டிற்று. 1931 டிசம்பரிலே மீண்டும் புறப்பட்டார். இம்முறை கடல் கடந்து. எகிப்து, துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றி, 1932 நவம்பரிலே திரும்பினார். கொண்டுவந்தது என்ன? தீர்த்தமா, பிரசாதமா? சமதர்மத் திட்டம்! அவ்வாண்டு முடியுமுன்பே ஈரோட்டிலே தோழர்களைக் கூட்டி, அத்திட்டத்தை நாட்டின் முன்வைத்தார். அயல்நாட்டுப் பயணத்தின் பயனை அளக்க நம்மிடம் உள்ள அளவுகோல் இது.

எல்லாப் பெரும் பயணத்துக்கும் கப்பலும் விமானமும் தேவை என்பதில்லை. துவரங்குறிச்சியிலே பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண், கவிஞர் சல்மா ஆனார். 2025 ஆம் ஆண்டிலே மாநிலங்களவை உறுப்பினரானார். அந்த அறையிலிருந்து அந்த அவைக்கு அவர் வந்த தொலைவு, சென்னையிலிருந்து ஜித்தா வரையுள்ள தொலைவைவிட நெடியது. புதுக்கோட்டையிலே ஷரீஃபா கானம், ஆண்களின் ஜமாஅத்து பெண்ணின் வழக்கைப் பெண்ணைக் கேட்காமலே தீர்க்கிறதென்று கண்டு, பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தை அமைத்தார். எந்தப் பயண நிறுவனமும் அவருக்குச் சீட்டு விற்கவில்லை.

நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு சான்று வானளாவ நிற்கிறது. உத்தமபாளையத்திலே, 1956 ஆம் ஆண்டிலே எழுந்தது ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. மேற்படிப்பு என்றால் மதுரைக்குப் போகவேண்டும், போக முடியாதவன் ஏர்பிடிக்கவேண்டும் என்றிருந்த ஊர்ப்புறத்திலே, உழவன் மகன் வீட்டுச் சோற்றை உண்டபடியே பட்டம் பெற வழி திறந்தது. முஸ்லிம் கொடையில் எழுந்த அந்தக் கல்லூரியிலே, எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகப் படித்து வருகிறார்கள். பள்ளத்தாக்கிலே ஹஜ் சென்றுவந்தோர் ஆயிரமாயிரம் பேர் இருப்பர். அவர்கள் எல்லோர் பெயருக்கு முன்னும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவர்கள் மறைந்தபோது பட்டமும் மறைந்தது. ஒருவருடைய பட்டம் மட்டும், ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நாவிலே ஒலிக்கிறது. அவர்களுடைய சான்றிதழ்களிலே அச்சாகிறது. எதனால்? அவர் கடல் கடந்ததனாலா? கல்லூரி கண்டதனால்! அவர் தம் நம்பிக்கையால்தான் அதைச் செய்தார் என்று சொல்லுவோரோடு நாம் சண்டையிடவில்லை. நம்பிக்கைக்கு அத்தகைய சான்றைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். திருச்சியிலே 1951 ஆம் ஆண்டிலே ஜமால் முகம்மது கல்லூரியைக் கண்டவர்களும் அந்த வழியிலே நின்றவர்களே. தந்தையர் கல்லூரி கட்டினார்கள். பிள்ளைகள் உம்ராவுக்குத் தவணை கட்டுகிறார்கள்! இதுவா வளர்ச்சி?

முஸ்லிம் இளைஞனே! உன் வீட்டிலே அடுத்த பயணப் பேச்சு எழும்போது, வாய்மூடி நில்லாதே. சினமும் கொள்ளாதே. நாலே நாலு கேள்வி கேள். தங்கையின் படிப்புக்குப் பணம் எடுத்து வைத்தாயிற்றா? நம் தெருப் பள்ளிவாசலிலே அம்மா நின்று தொழ இடம் கேட்டாயிற்றா? முடிதிருத்தும் தோழரின் மகனைச் சம்பந்தியாக ஏற்கும் துணிவு நம் வீட்டுக்கு இருக்கிறதா? நூற்றுக்கு இரண்டரை என்ற ஜக்காத்து, சில்லறையாக வாயிலிலே இறைக்கப்படாமல், ஓர் ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகச் சென்று சேர்ந்ததா? இந்த நான்குக்கும் "ஆம்" என்று விடை வந்தபின் உன் அத்தா பெட்டி கட்டட்டும். ஆனால் அன்று அவருக்குப் பெட்டி கட்டும் தேவையே தோன்றாது என்பது நம் எண்ணம்.

பிற சமயத்திலே பிறந்த பகுத்தறிவுத் தோழனே! உனக்கும் சொல்லுகிறோம். இந்தக் கட்டுரையைக் கையிலே எடுத்துக்கொண்டு முஸ்லிம் தெருவுக்கு ஓடாதே. முதலிலே உன் வீட்டு வாயிலிலே நிற்கும் சபரிமலை வண்டியை நிறுத்தி, உன் அண்ணனிடம் கேள். குருசாமியின் காலிலே விழும் அவன், ஏலத் தோட்டத்து ஜீப்பிலே சாயும் அன்னையின் கூலியைக் கூட்டிக் கொடுத்தானா? மலையிலே "எல்லோரும் சாமி" என்று விளித்தவன், இறங்கியபின் சேரித் தோழனின் வீட்டிலே தண்ணீர் வாங்கிக் குடித்தானா? அங்கே கேட்ட பிறகு, அதே குரலிலே, அதே அன்போடு, உன் முஸ்லிம் நண்பனிடமும் கேள். தராசு ஒன்றாக இருந்தால் அவன் உன்னை நம்புவான். நீ தட்டை மாற்றினால், பகைவர் கூட்டத்திலே உன்னையும் ஒருவனாக எண்ணுவான். எண்ணுவதிலே தவறும் இராது.

1895 ஆம் ஆண்டிலே, மேற்கே வீணாக ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் இந்தப் பள்ளத்தாக்கு பச்சை பூத்தது. ஓதி வரவழைத்த தண்ணீர் அன்று அது. உளியும் வெடியும் கணக்கும் உழைப்பும் கொண்டுவந்த தண்ணீர். அந்தத் தண்ணீரிலே ராவுத்தரின் தோட்டமும் கவுண்டரின் வயலும் பள்ளரின் குத்தகை நிலமும் ஒன்றாகவே விளைகின்றன. மனிதனின் உள்ளமும் அப்படித்தான் வளரும். அறிவு பாயும் இடத்திலே, சமத்துவம் பாயும் இடத்திலே. அந்த வாய்க்காலை வெட்டும் வேலை இங்கே நிரம்ப இருக்கிறது. கோடரியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தோழர்களே! கடவுச்சீட்டு தேவையில்லை.